அப்பா வாங்கி வந்த அன்னம்

எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வருகிற தாதிப் பிள்ளைகள், கொஞ்சம் பழகினதும் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், நீங்கள் ஏன் இந்தப் பொம்பிளையள் வார்டுக்கு வந்தனீங்கள்?"

அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, தாதியர் பயிற்சிக்கான நேர்முகத்தில் நான் சிங்களத்தில் பாடமாக்கி ஒப்புவித்தது. சேவை, தாய்மை, அர்ப்பணிப்பு எல்லாம் அதில் வரும். அதைச் சொல்லும்போது என் முகம் கலண்டர் படம் போல ஆகிவிடும். மற்றது உண்மையான பதில். அது ஒரு கவரிங் தாலியில் தொடங்குகிறது. சொன்னால் மரியாதை போய்விடுமே என்று இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தேன். இப்போது பாதி நரைத்துவிட்டது. போவதற்கு மரியாதையும் பெரிதாக மிச்சமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

யுத்தம் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கிளப்பி, வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் கொண்டுவந்து விட்டிருந்தது. அப்பா, அம்மா, நான். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணா கனடாவில். அவன் அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். நான் இங்கே கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் விசாவுக்காகவும், மற்றப் பாதிப்பேர் டெலிபோன் மணிக்காகவும் காத்திருந்தார்கள். நான் இரண்டுக்கும் காத்திருந்தேன்.

அப்படிக் காத்திருந்தபோது எனக்கு வயிறு வளரத் தொடங்கியது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே என்னை விளக்குமாறு என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ஆனால் கையும் காலும் விளக்குமாறாகவே இருக்க, வயிறு மட்டும் வளர்ந்தது. அம்மா வெந்தயம் தந்தார். பெருங்காயம் தந்தார். பூச்சிமருந்து தந்தார். பூச்சிகள் போயிருக்கலாம், வயிறு போகவில்லை. வீட்டுக்கார அம்மா என்னைக் கண்டால் முதலில் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார்.

"பிள்ளைக்குக் கொழும்புத் தண்ணி பிடிச்சிட்டுது போல," என்றார் ஒருநாள்.

அன்று பின்னேரம் அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைப் பூட்டினார். பைப்பைத் திறந்துவிட்டார், சத்தம் வெளியே கேட்காதிருக்க.

"பிள்ளை, என்னட்டை ஒண்டும் மறைக்காதை."

"என்னத்தை அம்மா?"

"எனக்கு வாய் வருகுதில்லை. நீயே சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை ஓர் ஆணின் கை என்மேல் பட்டதென்றால், பஸ் கொண்டக்டர் மிச்சக் காசு தரும்போது மட்டும்தான். ஆனால் நான் சிரித்ததைப் பார்த்து அம்மா அழத் தொடங்கினார். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் எடுபடவில்லை. நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

பிறகு வலி வந்தது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில், யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. காலி வீதி டிஸ்பென்சரி டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, பெண்களுக்கென்று இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். அம்மாவுக்கு என் வலியைவிடப் பெரிய வலி அங்கேதான் பிடித்தது. அந்த ஆஸ்பத்திரி வாசலில், வயிறும் வெறுங் கழுத்துமாக ஒரு குமர்ப்பிள்ளை. எங்கள் ஆட்கள் ஒருவர் கண்டால் போதும், நாங்கள் வீடு திரும்ப முதல் செய்தி கனடாவுக்குப் போய்விடும்.

அதற்கு அம்மா கண்டுபிடித்த மருந்துதான் தாலி.

தாலியை யாரிடமும் இரவல் வாங்க முடியாது. எங்கள் பெண்கள் உயிரைக் கேட்டால்கூட யோசித்துப் பார்ப்பார்கள், தாலியைக் கழற்ற மாட்டார்கள். அம்மாவாலும் தன்னுடையதைக் கழற்ற முடியாது. அப்பா உயிரோடு இருந்தார், எல்லோர் கண்ணிலும் படும்படி, சாய்மனைக் கதிரையில். ஆகவே ஒரு கவரிங் தாலி வாங்குவதென்று முடிவானது. வெள்ளவத்தைக் கடைகளில் எங்களை எல்லோருக்கும் தெரியும். அதனால் அப்பா பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். வியர்த்து விறுவிறுத்து வந்து ஒரு கடதாசிச் சரையை நீட்டினார்.

அம்மா பிரித்துப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது என்ன?"

"தாலி."

"அது தெரியுது. தாலியில இருக்கிறது என்ன?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். "அன்னம்."

"அன்னத்துக்கு இப்பிடிக் கட்டைக் கழுத்தோ?"

"கழுத்தை உள்ளுக்கை இழுத்து வச்சிருக்குது."

"ஐயோ, இது வேதக்காரற்றை புறா! மாதா கோயிலடிக் கடையில வாங்கினனீங்களோ?"

"கடைக்காரன் என்ன மாதிரி வேணுமெண்டு கேட்டவன். விலை குறைஞ்ச மாதிரி எண்டு சொன்னனான்," என்றார் அப்பா. பிறகு, கச்சேரியில் கோப்பை மூடுகிற தோரணையில், "அது அன்னம்தான்," என்று முடித்தார்.

மாற்ற நேரமில்லை. அடுத்தநாள் விடிய நெற்றியில் திருநீறும் குங்குமமும், கழுத்தில் கத்தோலிக்கப் புறாவுமாக நான் புறப்பட்டேன். "சட்டைக்குள்ளை விடு, வெளியாலை சங்கிலி மட்டும் தெரியட்டும்," என்றார் அம்மா.

கொள்ளுப்பிட்டியில் ஆமி செக்பொயின்ற். எங்கள் திரீவீலரை மறித்து இறக்கினார்கள். மறைப்புக்குள் இருந்த ஆமிப் பெட்டை அடையாள அட்டையைப் பார்த்தாள், பொலிஸ் பதிவைப் பார்த்தாள், என் வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அந்த நாட்களில் தமிழ்ப் பெட்டையின் வயிறு குண்டு கட்டிய வயிறாகவும் பார்க்கப்பட்டது. அம்மா பதறிப்போய்த் தன் சந்தைச் சிங்களத்தில் "பபா, பபா!" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. எத்தனை மாதம் என்று கேட்டாள்.

"பஹய்," என்றார் அம்மா. ஐந்து.

அப்படித்தான் நான் வெள்ளவத்தையில் குமராக ஏறி, கொள்ளுப்பிட்டியில் ஐந்து மாதமானேன். அந்தப் பெட்டை என்னைக் கையைப் பிடித்துத் திரீவீலரில் ஏற்றிவிட்டாள். பதிவில் நான் கலியாணமாகாதவள் என்று எழுதியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுதுகிறவர் கணவர் பெயரைக் கேட்டார். இதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அம்மா வழி நெடுகப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டே வந்தவர். வாயில் இருந்ததே வெளியே வந்தது.

"கணேஷ்."

"எங்கே இருக்கிறார்?"

"வெளிநாட்டில."

சாகும்வரை பிரமச்சாரியாக இருப்பேன் என்று ஆற்றங்கரையில் குந்தியிருந்தவரை அம்மா எனக்குக் கட்டிவைத்து, வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டார். திருமதி கணேஷாகிய என்னைக் கர்ப்பிணித் தாய்மாரின் நீள வாங்கில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

ஆஸ்பத்திரி வாங்கு ஒரு தனி நாடு. அங்கே யாருக்கும் யாருடைய மொழியும் தெரியவேண்டியதில்லை. ஒரு சிங்கள அம்மா என் முதுகுக்குத் தன் பையை வைத்துவிட்டார். தெமட்டகொடையிலிருந்து வந்த செல்வி அக்கா பக்கத்து வாங்கிலிருந்து என்னிடம் அம்பரெல்லாக் காய் அச்சாறு நீட்டினார். அவருடைய கணவருக்கு ரெயில்வே யார்டில் வேலை. செல்வி அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி.

"சாப்புடும்மா. அஞ்சாம் மாசம் புளிப்புக் கேக்கும்."

கேட்கத்தான் செய்தது. ஐந்தாம் மாதம் இல்லாமலே எனக்கு அச்சாறு கேட்கும். முழுவதையும் சாப்பிட்டேன்.

சலம் சோதித்தார்கள், பிள்ளை இல்லை என்று வந்தது. அம்மா வாய்விட்டுப் பெருமூச்சு விட்டதைப் பார்த்துத் தாதி குழம்பிப்போனார். பிள்ளை இல்லையென்று சந்தோஷப்படுகிற தாயை அவர் அங்கே கண்டிருக்க மாட்டார். பிறகு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கான் செய்தார்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் அதற்குப் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்று அது ஏதோ தண்டனை என்று நினைத்தேன்.

சூலகத்தில் கட்டி, இளநீர் அளவு. சூலகம் என்பது கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற முட்டைப்பை. கட்டியின் பாரத்தில் அது காம்போடு முறுக்கத் தொடங்கியிருந்தது. முறுக்கினால் இரத்தம் போகாது. அதனால்தான் அந்த ஈரத்துணி வலி. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

டொக்டர் நல்ல மனிதர். துண்டைப் பார்த்துவிட்டு, கலியாணமாகி எவ்வளவு காலம் என்று கேட்டார். அம்மா மூன்று வருஷம் என்றார். மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லையா என்று டொக்டர் என்மேல் இரக்கப்பட்டு, ஒப்பரேஷனுக்கு முதல் எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துவிடுவோம், பின்னேரம் உட்பரிசோதனை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்ட செல்வி அக்கா விளங்கப்படுத்தினார்.

"கீழால கைய விட்டுப் பாப்பாங்க. ஒனக்கு என்ன, கல்யாணம் ஆனவதானே."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், கலியாணம் ஆகாமல் தாலியோடு வந்தவள் என்று வார்டு முழுக்கத் தெரியவரும். தாலி இல்லாமலே வந்திருந்தால்கூட அவ்வளவு கேவலம் இல்லை. சொல்லாவிட்டால் பின்னேரம் அந்தப் பரிசோதனை. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் திரையை இழுத்துவிட்டு என்னை ஆயத்தப்படுத்த வந்தவர்தான் ரீட்டா மிஸ். கொட்டாஞ்சேனைக்காரி. கட்டைத் தோற்றம், பெரிய குரல், வார்டில் எல்லோருக்கும் அவரிடம் ஏச்சு வாங்காவிட்டால் சாப்பாடு செமிக்காது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். புறா வெளியே வந்தது. ரீட்டா மிஸ் புறாவைப் பார்த்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். மறுபடி புறாவைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒரு வெள்ளச் சவர்க்காரம் வேணும். ரோட்டுக்கு அந்தப் பக்கக் கடையில வாங்கிட்டு வாங்க."

எங்கள் பைக்குள் குளிக்கக் கொண்டுவந்த சவர்க்காரம் ஒன்று இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் எழுந்து போய்விட்டார்.

ரீட்டா மிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரலுக்குள் இவ்வளவு சின்னக் குரல் ஒன்று இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"எந்தக் கோயில்ல புள்ள கல்யாணம்?"

"பிள்ளையார் கோயிலில மிஸ்."

"பிள்ளையார் எப்ப இருந்து புறா வளக்கிறாரு?"

எனக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியாது. "அது அன்னம்," என்றேன்.

அவர் தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், வயிறு வலித்ததால் பாதியில் நிறுத்தி அழுதேன். அழுது முடியுமட்டும் இருந்தார்.

"கல்யாணம் ஆகல்ல. என்ன?"

தலையாட்டினேன்.

"சரி. இப்ப ஒண்டு கேக்கிறன். ஆம்பிள யாரும் உன்னத் தொட்டிருக்காங்களா? நீ விரும்பியோ, விரும்பாமலோ?"

என் வாழ்க்கையில் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கேள்வி அல்ல, அதைக் கேட்டபோது அவர் முகம். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அந்த முகம் மாறியிருக்காது. குளியலறையில் அம்மாவின் முகம் ஒரு பதிலுக்கு மட்டும்தான் திறந்திருந்தது. இது இரண்டுக்கும் திறந்திருந்தது.

"பஸ் கொண்டக்டர் மட்டும்தான் மிஸ். மிச்சக் காசு தரேக்கை."

"அவனுங்க மிச்சம் தாறதே பெரிய காரியம்," என்றார் அவர். "அப்ப டொக்டர்ட்ட நான் பேசிக்கிறேன். கீழால ஒண்டும் பாக்க மாட்டாங்க. வயித்துக்கு மேலால பாத்தாக் காணும், ஸ்கான் இருக்குதானே. துண்டிலயும் டொக்டர் திருத்துவாரு, அது அவருக்கும் எனக்கும் மட்டும். அம்மாவுக்கு நான் சொல்லவா?"

"வேண்டாம் மிஸ்."

"சரி. அது உங்க குடும்பப் புறா. வேற என்ன பயம்?"

கேட்டதும் உண்மையான பயம் வெளியே வந்தது. எனக்கே தெரியாமல் கிடந்த பயம். "முட்டைப்பையை எடுத்திட்டா எனக்குப் பிள்ளை பிறக்காதோ மிஸ்?"

"ஒண்டு போனா மத்தது இருக்கு. மத்தது சும்மா இருக்காது, வேலை செய்யும். புள்ள பொறக்க ஒண்டு காணும்."

அம்மா சவர்க்காரத்தோடு வந்தபோது ரீட்டா மிஸ் பெரிய குரலுக்குத் திரும்பியிருந்தார். "இவ்வளவு நேரமா ஒரு சவர்க்காரத்துக்கு?" டொக்டர் வந்தார், வயிற்றுக்கு மேலால் தொட்டுப் பார்த்தார், போனார். அம்மா பிள்ளையாருக்கு நன்றி சொன்னார். மருமகன் என்ற முறையில் அவருக்கும் அதில் பொறுப்பு இருந்தது.

ஒப்பரேஷன் நாள் காலையில் ஆபரணங்களைக் கழற்றவேண்டும். என் முறைக்கு முதல் செல்வி அக்காவின் முறை. தாலியைப் பிடித்துக்கொண்டு அவர் விட்ட ஒப்பாரியில் வார்டே கலங்கியது. கடைசியில் ரீட்டா மிஸ் தாலியை நெஞ்சோடு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அடுத்து என் பக்கம் திரும்பினார்கள்.

நான் காதுத் தோட்டைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். அதே கையோடு கழுத்துக்குப் பின்னால் கொளுவியைக் கழற்றி, புறாவைத் தலைக்கிளிப் போலத் தூக்கி நீட்டினேன்.

தேத்தண்ணி வாளியோடு வந்த பெண்கூட நின்றுவிட்டாள்.

ரீட்டா மிஸ் சட்டென்று குனிந்து என் கையைப் பொத்தினார். "அழு புள்ள," என்றார் காதுக்குள். "எல்லாரும் பாக்கிறாங்க. அழு."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். ரீட்டா மிஸ் முதுகைத் தடவிக்கொண்டே, "பாவம், புருஷன் வெளிநாட்டில," என்றார் வார்டுக்குக் கேட்கும்படி. எங்கேயோ ஒரு மூலையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வாசலில் அம்மா புறாவைக் கையில் வாங்கி, பழக்க தோஷத்தில் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் சிரித்தபடியே தியேட்டருக்குள் போனேன். பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. ரீட்டா மிஸ் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்.

"ஒண்டு போச்சு. மத்தது அழகா இருக்கு. கெட்ட கட்டி மாதிரி இல்ல, எண்டாலும் லாப்பில பாத்துத்தான் முடிவு சொல்லுவாங்க."

வயிற்றில் தையல், கையில் சேலைன், இருமினால் உயிர் போய் வந்தது. லாப் முடிவு வரும்வரை அப்பா ஒவ்வொரு பார்வை நேரத்துக்கும் ஃபிளாஸ்க்கில் கோழிச் சூப்போடு வந்தார். ஒன்றும் கேட்க மாட்டார். பத்திரிகையில் வந்த பகிடிகளை வெட்டிக்கொண்டு வந்து, சிரித்தால் தையல் நோகும் என்று ஏச்சு வாங்கி, திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். முடிவு வந்த அன்று டொக்டரே வந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்கப்படுத்தினார், ரீட்டா மிஸ் மொழிபெயர்த்தார். புற்றுநோய் இல்லை. பிறக்கும்போதே முட்டைப்பையில் இருக்கிற அணுக்கள் சில, வேலை வெட்டி இல்லாமல் தாங்களாகவே வளருவது. ஆணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை ரீட்டா மிஸ் இரண்டு தரம் சொன்னார். கட்டிக்குள் கொழுப்பும் முடியும் ஒரு பல்லும் இருந்தனவாம்.

"பல்லோ!" என்றார் அம்மா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு.

அப்பா யோசித்துவிட்டுக் கேட்டார். "முன்பல்லோ, கடைவாய்ப் பல்லோ?"

வீட்டுக்குப் போகும் நாளில் ரீட்டா மிஸ் வார்டு வாசல்வரை வந்தார். "அம்மா, மருமகன் வெளிநாட்டில இருந்து வந்தாக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. பாக்கணும்."

"ஓம் மிஸ்," என்றார் அம்மா. முகத்தில் ஓர் அசைவில்லை.

திரீவீலரில் கொஞ்சத் தூரம் போனதும் அம்மா சொன்னார், வெளியே பார்த்துக்கொண்டு: "அவவுக்கு அண்டைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்கடை பைக்குள்ளை சவர்க்காரம் கிடந்தது எனக்குத் தெரியாதோ? என்னைத் தள்ளி அனுப்பிறா எண்டு விளங்கினது. போனன். கடைக்கு முன்னாலை சும்மா நிண்டனான், கனநேரம். நான் பக்கத்தில நிண்டா நீ ஒண்டும் சொல்லமாட்டாய். நீ சொன்னாலும் எனக்குக் கேக்கத் தைரியம் இல்லை."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையில் அவர் அந்தச் சவர்க்காரத்தை வைத்திருந்தார், உறை பிரிக்காமல்.

தையல் காய்ந்ததும், நான் நேர்ஸாகப் போகிறேன் என்றேன். அண்ணா கனடாவிலிருந்து டெலிபோனில் கத்தினான். அப்பா "அது அன்னம்தான்" என்ற அதே குரலில் "போகட்டும்" என்றார். அம்மாதான் கடைசிவரை யோசித்தார். "கண்ட கண்டதெல்லாம் பாக்கவேண்டி வருமே பிள்ளை," என்றார். பிறகு தானே, "யாரோ பாக்கத்தானே வேணும்," என்றார். பயிற்சி முடித்து, மருத்துவிச்சி வேலையும் படித்து, கேட்டு வாங்கிக்கொண்டு பெண்கள் வார்டுக்கு வந்தேன். ஒன்று காணும் என்று ரீட்டா மிஸ் சொன்னது பிசகவில்லை, எனக்கு இரண்டு பெடியன்கள். அவர்களின் தகப்பன் பெயர் கணேஷ் இல்லை. அம்மாவுக்கு அதில் இன்றைக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்.

அப்பாவின் அன்னம் என்னிடம்தான் இருக்கிறது. பூச்சுப் போய்ப் பித்தளை தெரிகிறது. வார்டில் என் அலுமாரித் திறப்புக் கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன்.

போன கிழமையும் ஒரு பிள்ளை வந்தது. பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, சட்டைக் கொலர் முழுக்க மஞ்சள் பிரண்டு, அவ்வளவு புதுசு. பக்கத்தில் தாய், சென்றிக் காவலுக்கு நிற்பதுபோல. என்ன கேட்டாலும் பதில் தாயிடமிருந்துதான் வந்தது. பிள்ளை கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றேன், "ஒரு சவர்க்காரம் வேணும். ரோட்டைக் கடந்து போகவேணும்."

அந்தத் தாய் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மெல்ல எழுந்து பேர்ஸை எடுத்தார்.

"எந்தச் சவர்க்காரம் மிஸ்?"

"எதெண்டாலும் பரவாயில்லை. ஆறுதலா வாங்கோ."

திரையை இழுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்பது அதற்கும் எனக்கும் மட்டும். ஆனால் ஒன்று சொல்லலாம். என் அலுமாரியைத் திறந்தால் விதம்விதமாக அடுக்கியிருக்கும். மற்ற வார்டுகளில் எது இல்லாமல் போனாலும், எங்கள் வார்டில் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை.